வாத்துக்கு மூன்று தடவை சாயம்

மரச்சாமான் பட்டறையில் அவருக்குப் பளபளா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தச்சர்கள் அறுத்து, இழைத்து, பொருத்தி முடித்த மேசையும் நாற்காலியும் கட்டிலும் கடைசியில் பட்டறையின் பின்பக்கம் அவர் முன்னால் வந்து நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் ஏற்றி, பாலிஷ் போட்டு அவர் அனுப்பினால் அந்த மேசையில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். வாரிக்கொண்டவர்களும் உண்டு. தேய்ப்பது அவருக்குத் தொழில் மட்டுமில்லை, ஒருவகை வியாதி. டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சிராய் தட்டுப்பட்டால் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்துவிடுவார். டீக்கடைக்காரர் இதற்காக ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஓசியில் வேலை நடந்தால் யாருக்குக் கசக்கும்?

போன வருஷம் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் ஈரத் துண்டோடு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவார், பக்கத்தில் இருப்பவர், இவர் இறங்கப்போகிறார் என்று நினைத்துக் கால் ஒதுக்குவார். ஆனால் வீட்டுக்கு வந்த மனைவிக்கு வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சோ வரவே இல்லை. எல்லாம் புரிந்தது, கண்ணில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, வாயில் மட்டும் ஒரு சொல் இல்லை.

பளபளாவைக் குறை சொல்லக் கூடாது. தாங்கு தாங்கென்று தாங்கினார். சமைத்தார், துவைத்தார், அவளுக்குத் தலை பின்னிவிட்டார். முதலில் பின்னல் தேங்காய் நார்க் கயிறு மாதிரி இருந்தது, போகப் போகத் தேறிவிட்டார். ஒரே ஒரு கோளாறு, மனுஷருக்குப் பொறுக்காது. அவள் ‘த’ என்று வாயெடுத்தால் போதும், “தண்ணியா? தலவலியா? தலகாணியா?” என்று கடையே விரித்துவிடுவார். நடுவில் ஏதாவது ஒன்று சரியாக இருக்கும், அவள் தலையாட்டிவிடுவாள். கேட்டது கிடைத்துவிடும், சொல்லவேண்டிய சொல் தொண்டையோடு நின்றுவிடும்.

அவர் பட்டறைக்குப் போன பிறகு மனைவியைப் பார்த்துக்கொண்டது மாடி வீட்டுப் பெண். அவளுக்கு மருந்துக்கடையில் மதியத்துக்கு மேல்தான் வேலை. கணவன் வெளியூர் வேலைக்காரன், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. காலையில் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வருவாள். “அக்கா, கையைக் குடுங்க” என்று அந்தத் தொங்கின விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிடுவாள். சொந்தத் தங்கை இருந்தால்கூட இவ்வளவு செய்வாளா என்பது சந்தேகம்தான். செய்ததை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. பளபளா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “சும்மா இருங்கண்ணே, எனக்கும் வீட்ல போர் அடிக்குது” என்று அடைத்துவிடுவாள்.

மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்த புதிது. வந்த வேகத்தில் ஊருக்கே காது வலித்தது, வாயாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நோயாளியின் மடியில் ஏறி, ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, “பெரியம்மா, இது என்ன?” என்பாள். பதில் வராது. வாயாடி விரலை எடுக்க மாட்டாள். “இது என்ன?” மறுபடியும். “இது என்ன?” அவள் அம்மா சொல்லப்போனாலும், “நீ இல்ல, பெரியம்மா சொல்லணும்” என்று வாயைப் பொத்துவாள். இதைப் பொறுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கலப்படமில்லாத பிடிவாதம். ஆனால் அந்த வீட்டில் பெரியம்மாவின் பதிலுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவள்தான். இப்படியே நாட்கள் போய், ஒரு மத்தியானம் பெரியம்மாவின் உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து, “வாத்து” என்று ஒரு சொல் வந்து விழுந்தது. வாயாடி ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “ஆமா, வாத்து” என்று பக்கத்தைத் திருப்பி அடுத்ததைக் கேட்டாள்.

பட்டறையில் இந்தக் கதையைச் சொல்லும்போது பளபளா அழுதார். அங்கே உள்ளவர்கள் அழுகிறவரைச் சும்மா விடுகிற ஜாதி இல்லை. “ஏம்ப்பா, இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவ முதல் முதல்ல உன்னைக் கூப்பிடலையா? வாத்தையா கூப்பிட்டா?” என்றார் மூத்த தச்சர். “ரெண்டாவதும் நான் இல்ல. வாளி” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார் பளபளா.

அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. ஒரு சொல், இரண்டு சொல், சில நாள் மூன்று. கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கரண்டியைப் பிடித்தால் ஆடும், ஆனாலும் பிடிக்கும். அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டுப் பெண் ஒரு செய்தியோடு இறங்கி வந்தாள். கணவனுக்கு அவன் இருக்கும் ஊரிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, குடும்பத்தை அழைத்துக்கொள்கிறான். அவளுக்குச் சந்தோஷம், சொல்லும்போது அழுகையும் வந்தது. பளபளா யோசித்தார். இவர்களுக்கு என்ன செய்து கடனைத் தீர்ப்பது? தீராது என்று தெரியும். வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. வாயாடிக்கு ஒரு மர வாத்து செய்து கொடுப்பது என்று முடிவு பண்ணினார்.

முடிவு பண்ணினாரே தவிர, மரத்தை அறுக்க அவருக்குத் தெரியாது. மூத்த தச்சர்தான் மீந்து கிடந்த பைன் கட்டையில் வாத்தை அறுத்துக் கொடுத்தார். நான்கு சக்கரம், இழுக்கக் கழுத்தில் ஒரு கயிறு. அலகு கொஞ்சம் நீளமாகி, பார்த்தால் ஏதோ புகார் சொல்ல வந்த வாத்து மாதிரி இருந்தது. “குழந்தை ஜாடை வரணும்ல” என்று தச்சர் சமாளித்தார். பளபளா கட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, கொல்லைப்புற வராந்தாவில் உட்கார்ந்து, முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள் என்று தேய்த்தார். ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துக் காயவைத்தார். ஈரம் பட்டால் மரத்தின் நார் முள்முள்ளாக எழும்பும், அதை இப்போதே எழுப்பித் தேய்த்துவிட்டால் சாயம் போடும்போது தொந்தரவு பண்ணாது. வாயாடி கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறவள் என்பதால் பட்டறைச் சாயத்தை அவர் தொடவில்லை. மிட்டாயில் போடுகிற மஞ்சள் கலர் பொடியை வாங்கித் தண்ணீரில் கரைத்தார். மேலே பூச அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டார். மாத்திரைக்கு மேல் பூசுவதும் அதே அரக்குதான், கடித்தாலும் பயமில்லை.

தூரிகையைச் சாயத்தில் தோய்க்கப் போனபோது பின்னாலிருந்து மனைவி, “நான்” என்றாள்.

“நீ எதுக்கும்மா சிரமப்படுற? உக்காந்து பாரு, போதும்.”

“நான்” என்றாள் மறுபடியும். இடது கையால் தூரிகையை வாங்கி, வலது கையில் மாற்றிக்கொண்டாள்.

அவள் சாயம் போட்டதை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அது அவருக்குச் சின்ன வேதனை இல்லை. கை ஆடி ஆடி ஒரு பக்கம் சாயம் ஓடித் தேங்கி ஆரஞ்சாகிவிட்டது. கழுத்துக்கு அடியில் ஒரு காசு அகலத்துக்கு மஞ்சளே படவில்லை. பைன் மரம் வேறு, சாயத்தை ஓரிடத்தில் குடிக்கும், ஓரிடத்தில் துப்பும். போதாததற்கு வாத்து நழுவப்போனது, அவள் ஈரக் கையால் அதைப் பிடித்ததில் முதுகில் மூன்று விரல் தடம் விழுந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். “என் கை” என்றாள். முடித்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தபோது நெற்றியெல்லாம் வியர்வை, முகத்தில் அப்படியொரு நிறைவு. மாத்திரை போட்டுக்கொண்டு போய்ப் படுத்தாள்.

பளபளா வாத்தோடு தனியாக விடப்பட்டார். அதுதான் தப்பாகப் போனது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கை நமநமவென்று அரித்தது. பட்டறையில் இப்படி ஒரு சாமான் அவரைத் தாண்டி வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. புது ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள், இவளுக்குத்தானே பேர் கெடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். அவர் அன்பு அப்படிப்பட்டது, தேய்த்துத்தான் காட்டத் தெரியும். உப்புத்தாளை எடுத்தார். அவள் எழுந்திருப்பதற்குள் பழைய சாயத்தை உரித்து, புதிதாக ஏற்றி, அரக்கில் நனைத்த பஞ்சுப் பொட்டலத்தால் சுற்றிச் சுற்றி ஒற்றி, வாத்தைக் கண்ணாடியாக்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட பாலிஷிலேயே அது ஒசந்தது. மூத்த தச்சருக்கு இதைக் காட்டாமல் அனுப்பவேண்டியிருக்கிறதே என்று வருத்தம்கூட வந்தது.

மனைவி எழுந்து வந்தாள். வாத்தைக் கையில் எடுத்தாள். அவர், “எப்படி?” என்று இளித்துக்கொண்டு நின்றார். அவள் அதைத் திருப்பி, முதுகைத் தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து மறுபடியும் தடவினாள். பிறகு அதைப் பலகை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையசைப்பு, மாத்திரை கொடுத்ததற்குக் கையசைப்பு. கோபம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் வாயாடி புத்தகத்தோடு இறங்கி வந்து மடியில் ஏறி, “இது என்ன?” என்று கேட்டபோதும் பதில் இல்லை. குழந்தை விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, “பெரியப்பா, பெரியம்மாவுக்குப் பேச்சு தீந்து போச்சா?” என்றது. ஒரு வருஷம் பாடுபட்டு அந்தக் குழந்தை மீட்டுக் கொடுத்ததை ஒரு மத்தியானத்தில் தொலைத்துவிட்டோமோ என்ற பயம் பளபளாவைப் பிடித்துக்கொண்டது. நாளைக்கு அவர்கள் போய்விடுவார்கள். இனி யார் வந்து விரலை வைத்துக் கேட்பது?

விடிந்ததும் அவர் மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “என்ன தப்பு பண்ணேன்? திட்டவாவது திட்டு. பேசாம மட்டும் இருக்காத” என்றார். அவள் வாயெடுத்தாள். “அ” என்று மட்டும் வந்தது. அவருக்கு நாக்கு நுனியில் பத்துச் சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சும்மா இருந்தார். தெருவில் பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போகும் அளவுக்கு நேரம் எடுத்தது.

“அழிச்சிட்டீங்க” என்றாள். இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, “என் கைய.”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்து மட்டுமா? அவள் ஒரு கையால் மடித்து வைத்த துணியை அவள் பார்க்காதபோது பிரித்து மறுபடி மடித்திருக்கிறார். அவள் துடைத்த தட்டை மறுபடி துடைத்திருக்கிறார். அவள் ஆரம்பித்த வாக்கியத்தை எல்லாம் முடித்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் பட்ட கடன் அவளுடையது, அவர்கள் திருப்பிக் கொடுத்த கையாலேயே அதைச் செய்ய நினைத்திருக்கிறாள், குறுக்கே விழுந்து அவர் தன் கையை வைத்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். நேராக வராந்தாவுக்குப் போய், துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த ஒசந்த பாலிஷைத் துடைத்தெடுத்தார். அரக்கு பிசுபிசுவென்று கரைந்து வந்தது. பிறகு உப்புத்தாள். இரண்டு தடவை உரிபட்டதில் வாத்து கொஞ்சம் இளைத்துவிட்டது.

வெறும் மரமாக அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சாயக் கிண்ணத்தையும் தூரிகையையும் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வேணாம்.” அவர் கெஞ்சவில்லை, அதுவும் ஒருவகையில் அவளை இழுப்பதுதானே என்று எட்டவே உட்கார்ந்துவிட்டார். மாடியில் பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. வாயாடி அம்மாவுக்கு உதவி செய்து, அம்மாவே கும்பிடு போட்டுத் துரத்திவிட்டதில் கீழே வந்தாள். பலகை மேல் இருந்ததைப் பார்த்தாள்.

“பெரியம்மா, வாத்து ஏன் சட்டை போடல?”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “குளிச்சுது” என்றாள்.

“அப்ப சட்டை போடு. குளிரும்” என்று தூரிகையை எடுத்து நீட்டினாள் வாயாடி.

மறுபடியும் அதே ஆட்டம், அதே ஓட்டம், சாயம் ஒரு பக்கம் தேங்கியது, ஒரு பக்கம் வெளுத்தது. வாயாடி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள், அவள் மூக்கிலும் கொஞ்சம் மஞ்சள் ஏறியது. இந்தத் தடவை விரல் தடம் தற்செயலாக விழவில்லை. பெரியம்மா மூன்று விரலையும் கிண்ணத்தில் தோய்த்து, முதுகில் அழுத்தி வைத்தாள். பளபளா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் வைத்துக் காய்ந்த பிறகு, “அரக்கு மட்டும் நான் பூசட்டுமா? நிறம் அழியாம இருக்கும்” என்று கேட்டார். கேட்டுச் செய்வது அவருக்குப் புதுசு. அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பஞ்சுப் பொட்டலத்தால் தேய்க்காமல், சாயம் கலங்காமல், பட்டும் படாமல் ஒற்றினார். தேங்கிய இடம் தேங்கியபடி, விட்ட இடம் விட்டபடி, மூன்று விரலும் மேலே கண்ணாடி போட்ட மாதிரி நின்றன.

வண்டி வந்தது. சாமான் ஏற்றியாகிவிட்டது. வாயாடி வாத்தைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவரிடம், “இது பெரியம்மா பண்ணாங்க” என்று காட்டினாள். பெரியப்பா என்று ஒரு ஜீவன் அங்கே நிற்பது அவள் கணக்கிலேயே இல்லை. அவருக்கு அது துளிகூட உறுத்தவில்லை. அவள் அம்மா வந்து, “போய்ட்டு வர்றேன் அக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதே வலது கை. மனைவி அவளைப் போகவிடாமல் இழுத்துப் பிடித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. வண்டிக்காரர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

“நீயும்... உன் பொண்ணும்... இல்லன்னா... நான் இல்ல” என்றாள்.

அந்தப் பெண் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வாயாடி வண்டியில் ஏறி, வாத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முதுகில் இருந்த தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். மூன்று தடத்திலும் பாதிதான் நிரம்பியது. வண்டி தெரு முனை திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் வீடு வெறிச்சென்றிருந்தது. மாடியில் ஓடும் கால் சத்தம் இல்லை. மனைவி தன் விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்கு” என்றாள். அவர் காத்திருந்தார். “நான்... ஒண்ணும்... செய்யலையே.”

எனக்கு எதற்கு, நீ இருக்கிறாயே, அது போதும் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வந்தது. அது பொய்யில்லை, ஆனால் அதைச் சொன்னால் மறுபடியும் அவள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஒரு வருஷமாக அவளை அடுப்புப் பக்கம் விடாதவர், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, “ஒரு டீ போட்டுக் குடேன்” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. ஏதோ கொட்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருந்ததுதான் அவர் அன்றைக்குச் செய்த பெரிய வேலை. வெகு நேரம் கழித்து அவள் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியிலேயே சிந்தி, பாதிதான் மிச்சம். அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். கசந்தது.

“சர்க்கரை போடலியே” என்றார்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். உதடு ஒரு தரம் கோணியது. அப்புறம் திக்காமல், திணறாமல், ஒரே மூச்சில் வந்தது.

“ஏன், உங்களுக்குக் கை இல்லையா? போய்ப் போட்டுக்குங்க.”

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு வீட்டில் திட்டு விழுந்தது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, கண்ணை நீர் மறைத்ததில், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று வெகு நேரம் அவருக்குத் தெரியவில்லை.